சிங்கப்பூர் வேலை அனுமதிக்கு உதவிய முகவர் நிறுவனம்: எங்கள் மதிப்பீடு

கோவையில் பம்பு தயாரிக்கும் நாங்கள் 2025இல் சிங்கப்பூரில் கிளை தொடங்கியபோது, மூத்த பொறியாளருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதியைப் பெறும் பணியை அங்குள்ள முகவர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். இந்த அனுமதிக்கு, விண்ணப்பதாரரையும் நிறுவனத்தையும் புள்ளிகளால் எடைபோடும் காம்பஸ் மதிப்பீட்டில் 40 புள்ளிகள் தேவை. நிபுணத்துவப் பணியாளர்கள் 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு இரண்டு அளவுகோல்களில் தலா 10 புள்ளிகள் தானாகவே கிடைத்துவிடும் என்பதால், மீதமுள்ள 20 புள்ளிகளைச் சம்பளத்தாலும் படிப்பாலும் எட்ட முடியுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வரிவரியாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பட்டச் சான்றிதழ் சரிபார்ப்பையும் முன்கூட்டியே தொடங்க வைத்தார்கள்.

ஒரே குறை, மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்னும் குறைந்தபட்சச் சம்பளம் வயதுக்கேற்ப உயர்ந்து 45 வயதில் 10,700 வெள்ளியாகிறது என்பதை, நாங்கள் சம்பளம் பேசி முடித்த பிறகே சொன்னார்கள். அனுபவசாலிகளை அனுப்புவோருக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டிய செய்தி. கட்டணம் நியாயமானது, அடுத்த விண்ணப்பத்தையும் இவர்களிடமே கொடுக்கிறோம்.