மலையேறப் போவமா, பாதை சரிபண்ணப் போவமா?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ்மலைக்கு எங்க மலையேற்ற கிளப்போட ரெண்டு விதமாவும் போயிருக்கேன் மக்கா. குரூப் ஹைக்னா விடியமுன்ன ஏறி, மேல நின்னு கடல பாத்து, போட்டோ எடுத்து, வெயிலுக்கு முன்ன எறங்கிரலாம், அவ்ளோதான்.

பாதை வேலை அப்படியில்ல. நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, தண்ணி பாதையிலயே ஓடி மண்ணை அரிச்சிரும், கல்லு மட்டும் பல்லிளிக்கும், அதனால மம்பட்டியால குறுக்க சாய்ச்சு வாய்க்கா வெட்டி தண்ணிய சரிவுப் பக்கம் திருப்பணும், முள்ளு வெட்டணும், ஆடுற கல்லுக்கு அடைகுடுக்கணும். அரை நாள்ல 20 அடி முடிஞ்சா பெருசு. முதுகு போயிரும். காட்டுப் பகுதின்னா வனத்துறை அனுமதி இல்லாம ஒரு செடியயும் தொடப்பிடாது, பாத்துக்கிடுங்க.

புதுசா வாறவங்க முதல்ல ஹைக்குக்கு வாங்க. எனக்கு பாதை வேலைதான் பிடிச்சிருக்கு, அன்னைக்கு திங்கிற கப்பையும் மீன்கறியும் தனி ருசில்லா.