நாய் கடித்த கோழிக்கு மஞ்சளா, பெட்டாடினா, டாக்டரா?

நாயோ கீரியோ கவ்விவிட்டுப் போன கோழியின் முதுகுத் தோல் கிழிந்து தொங்கும்போது, "இது தேறாது, அறுத்துடு" என்று வீட்டில் ஒரு குரல் வரும். தோலும் மேல்சதையும் மட்டும் போயிருந்தால் அவசரப்பட வேண்டாம். உள்ளங்கை அகலக் காயத்தைக்கூட சில வாரங்களில் மூடிக்கொள்ளும் உயிர் அது.

எந்த மருந்து என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால், காயத்தை எப்படிக் கழுவுகிறோம் என்பதில்தான் பாதி வைத்தியம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டு, வெதுவெதுப்பாக, ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சினால் மண்ணும் இறகுத் துணுக்கும் வெளியே வந்துவிடும். சுற்றியுள்ள இறகைக் கத்தரிக்கலாம், பிடுங்கக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல சதையையும் சேர்த்துக் கெடுக்கும். டெட்டாலும் வேண்டாம். நாய்க்கடி என்றால் கையுறை போடுங்கள், எச்சில் இறகில் ஈரமாகவே இருக்கும்.

இனி மஞ்சளுக்கு வருவோம். வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள் சமையலறையிலேயே கிடைக்கும், ஈயையும் அண்டவிடாது. சிக்கல் என்னவென்றால், கோழிக்குச் சீழ் நீராக ஒழுகாது, மஞ்சள் நிறக் கட்டியாக உறைந்து கிடக்கும். மேலே மஞ்சளை அப்பிவிட்டால் எது பற்று, எது சீழ் என்றே தெரியாது. எண்ணெய் இறகில் ஊறினால் கோழி குளிரில் நடுங்கவும் செய்யும்.

பெட்டாடின் கரைசலை வெளிர் டீ நிறம் வரும்வரை நீர்க்க வைத்து ஊற்றினால் காயம் தெளிவாகத் தெரியும். அப்படியே நீர்க்காமல் தினமும் ஊற்றுவது ஆறுவதைத் தாமதப்படுத்தும். முதல் சில நாட்களுக்கு என் ஓட்டு நீர்த்த பெட்டாடினுக்குத்தான். சதை இளஞ்சிவப்பாகி ஈரம் வற்றியபின் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலத்தை மெல்லத் தடவலாம். புண்ணில் புழு வைக்காமல் காக்க அது நல்ல துணை.

தங்கவைக்க, வாசலில் பஞ்சாரமா, வீட்டுக்குள் அட்டைப்பெட்டியா? பெட்டிதான். வெளியே ஈ மொய்க்கும். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். உள்ளே செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள்.

சில காயங்களுக்கு இதெல்லாம் போதாது. குடித்த தண்ணீர் காயம் வழியே ஒழுகினால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. தோலுக்கடியில் காற்று உப்பினால், நுரையீரலோடு சேர்ந்த காற்றறை ஓட்டையாகியிருக்கிறது. எலும்பு வெளியே தெரிந்தாலும், வயிற்றில் பல் இறங்கியிருந்தாலும் நேரே கால்நடை மருந்தகம்தான். ஆழமான பல்தடம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே நஞ்சேறும். ஆன்டிபயாடிக்கும் வலி மருந்தும் எடை பார்த்துத் தர டாக்டர் வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையை உடைத்துப் போடுவது சூதாட்டம்.

மருந்து கொடுத்தபின் டாக்டர் சொல்லும் நாள்வரை முட்டையும் கறியும் ஆகாது. ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, தேறாவிட்டால் குழம்பு வைக்கலாம் என்ற கணக்கு மட்டும் செல்லாது.