649 ரூபாய்க்கு ஒரு எரிமலை

ஆறாவது படிக்கும் பேத்திக்காகப் புரசைவாக்கத்தில் ஒரு பொம்மைக் கடையில் எரிமலை கிட் வாங்கினேன். 649 ரூபாய். மலை அச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சோடா உப்பு, சிட்ரிக் அமிலம், சிவப்புப் பொடி, எட்டுப் பக்கப் புத்தகம்.

அச்சு உறுதியானது, குறை சொல்ல மாட்டேன். பிளாஸ்டர் மலை ஒரு ராத்திரியில் காயும் என்று போட்டிருக்கிறது. நம்ம ஊர் ஐப்பசி ஈரத்தில் இரண்டு நாள் ஆனது. சிவப்புப் பொடியை வீட்டுக்குள் பிரிக்காதீர்கள். மொசைக் தரையில் கறை அப்படியே இருக்கிறது, மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

என் சண்டை புத்தகத்தோடுதான். பெட்டிமேல் 'எரிமலையின் எல்லா வகைகளும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. செய்முறை என்னவோ ஒன்றுதான்: நுரை பொங்கி மெதுவாக வழியும். அது ஹவாய் வகை மட்டும். பேத்தி பார்த்துவிட்டு, "இவ்ளோ மெதுவா வந்தா ஓடிடலாமே தாத்தா, அப்புறம் எப்படி ஊரே சாகுது?" என்றாள். புத்தகத்தில் பதில் இல்லை.

சமையலறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு டம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான கேழ்வரகுக் கூழ். ஸ்ட்ரா வைத்து ஊதச் சொன்னேன். தண்ணீரில் குமிழி சுலபமாக வெளியேறியது. கூழில் உப்பி, உப்பி, டப்பென்று வெடித்து அவள் மூக்கில் தெறித்தது. விஷயம் அவ்வளவுதான். எரிமலைக் குழம்பில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) கூடினால் பிசுபிசுப்பு கூடும், உள்ளே மாட்டிய வாயு அழுத்தம் ஏறி வெடிக்கும். இத்தாலியின் ஸ்ட்ராம்போலி அடிக்கடி சின்னதாகத் தெறிக்கும். கி.பி. 79-இல் வெசூவியஸ் சாம்பலைத் தூண்போல வானத்துக்கு ஏற்றியது. அதை எழுதிவைத்த ரோமானியர் பிளினியின் பெயரே அந்த வகைக்கு வந்தது.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் வழியும் குழம்பு இல்லை. 1902-இல் கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவின் பெலே மலையிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சரிவில் பாய்ந்து, செயின்ட் பியர் நகரில் சுமார் 28,000 பேர் சில நிமிடங்களில் போனார்கள். 1985-இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் பெரிதாகக்கூட வெடிக்கவில்லை. உச்சிப் பனி உருகிச் சேற்று வெள்ளமாக இறங்கி ஆர்மேரோ ஊரைப் புதைத்தது. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா வெடித்தபோது 36,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் கடல் அலையில். அது கிளப்பிய தூசியால் அடுத்த மாதம் நம் மெட்ராஸில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது. பேத்திக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது, அந்தமானில் நம்முடைய பாரன் தீவு எரிமலையின் பெயர்கூட இல்லை.

ஐந்துக்கு இரண்டரை, அதுவும் அச்சுக்காக. சோடா உப்பு இரண்டு தடவைக்குமேல் வராது. தெருமுனை மளிகைக் கடை ஆப்ப சோடாவும் எலுமிச்சம்பழமும் போதும். பள்ளிக் கண்காட்சிக்கு அவள் மலையோடு கூழ் டம்ளரையும் கொண்டுபோகிறாளாம். கூழ் கிண்டித் தருவது என் பொறுப்பு.