புகார்ப் படிவத்துக்கு ஐந்தில் இரண்டரை

கோபிச்செட்டிபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கூடவே ப்ளவுஸ் பேப்பர் கட்டிங்கை பிடிஎஃப்பாகவும் விற்கிறேன். பிரின்சஸ் கட், மார்பளவு 36, பதினாலு ஏ4 தாள், விலை 149 ரூபாய். வீட்டிலேயே பிரின்ட் எடுத்து ஒட்டி, துணிமேல் வைத்து வெட்டிக்கொள்ளலாம். அதை யாரோ ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி ஊருக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். நான் இங்கே எழுதுவது அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ச் சேவையைப் பற்றி. தளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் நாலு பேர் போய் இறக்கிக்கொள்வார்கள்.

அது என்னுடையதுதான் என்பதற்கு ஒன்பதாம் பக்கமே சாட்சி. முதல் பதிப்பில் கையின் மேல் வளைவை அரை இன்ச் குறைத்து வரைந்துவிட்டேன். பிறகு திருத்தி, வாங்கிய எல்லோருக்கும் புதுப் பக்கம் அனுப்பினேன். தளத்தில் கிடப்பது திருத்தாத பதிப்பு. ஓரத்தில் பென்சிலால் எழுதிய ‘மடிப்பு’கூட, நான் அவசரத்தில் ‘ப்’ விட்டபடியே இருக்கிறது.

புகார்ப் படிவம் பக்கத்தின் அடியில் மங்கலான சாம்பல் எழுத்தில் ஒளிந்திருந்தது. ஆங்கிலம் மட்டும். அமெரிக்கச் சட்டம் கேட்கிறபடி அமைத்தது: எந்தப் படைப்பு, எந்தச் சுட்டி (லிங்க்), என் முகவரி, கையெழுத்து, சொல்வது உண்மை என்ற உறுதிமொழி. மகன் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தான். மூன்றாம் நாள் சுட்டி போய்விட்டது. பைசா செலவில்லை, வக்கீல் இல்லை. அந்த இரண்டரை நட்சத்திரமும் இதற்குத்தான்.

ஐந்தாம் நாள் அதே கோப்பு வேறு சுட்டியில் வந்தது. அதே 3.2 எம்பி, பெயரைக்கூட மாற்றவில்லை. மறுபடி படிவம், மறுபடி நீக்கம், மறுபடி கோப்பு. இப்படி ஏழு தடவை, ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்ட மாதிரி.

ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு எண் உண்டாம். ஒரு புள்ளிகூட மாறாமல் அதே கோப்பு திரும்ப ஏறினால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடும் என்கிறான் மகன். அப்புறம் ஏன் தடுப்பதில்லை? அமெரிக்கச் சட்டம் அவர்களிடம் அதைக் கேட்பதில்லை. புகார் வந்தால் நீக்கு, திரும்பத் திரும்பத் திருடுகிறவன் கணக்கை மூடு, நீயாகப் போய்த் தேட வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

வெறும் குடோன்காரன் என்றால் எனக்கும் கோபம் வராது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். என் கட்டிங்கைச் சுற்றி மூன்று ரம்மி விளம்பரம். இறக்க அறுபது விநாடி காத்திருக்க வேண்டும், காத்திருக்க மனமில்லையென்றால் பணம் கட்டலாம். என் சரக்குக்கு 149 கொடுக்காதவர் அந்த அவசரத்துக்குக் கொடுக்கிறார்.

2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை மூடியது. அதன் நிறுவனர் கிம் டாட்காம் நியூசிலாந்தில் கைதானார். ஒரே கோப்புக்குப் பல சுட்டிகள் கொடுத்துவிட்டு, புகார் வந்தால் அந்த ஒரு சுட்டியை மட்டும் அறுத்தார்கள், கோப்பு உள்ளேயே இருந்தது என்பது குற்றப்பத்திரிகையில் ஒரு குற்றச்சாட்டு. படித்தபோது, அட, நம்ம கதையாயிற்றே என்றிருந்தது. ஆனால் அந்தத் தளத்தில் சொந்தப் போட்டோவும் ஆபீஸ் ஃபைலும் வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்தே கதவடைத்தார்கள். பெரிய கோப்புகளை நானும் இப்படிப்பட்ட தளங்கள் வழியாகத்தான் அனுப்புகிறேன். இழுத்து மூடு என்று சொல்ல வாய் வரவில்லை. அதே வருஷம் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தடையைக் காட்டி, இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் விமியோ என்ற வீடியோ தளத்தையே அடைத்துவைத்தன. குறிப்பிட்ட சுட்டிகளை மட்டும் அடையுங்கள் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

யாரென்று தெரியாத பிரதிவாதிக்கு இந்த மாதிரி வழக்குகளில் வைக்கும் பெயர் அசோக் குமார். எனக்கும் ஓர் அசோக் குமார் இருக்கிறார், அவர் மேல்தான் வழக்குப் போட வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2013 விதிகளும் சொல்வது இது: எழுத்தில் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் தடுக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துகொள்ளலாம். படக் கம்பெனிக்கு 21 நாள் போதும். தீபாவளி ஆர்டர் தலைக்குமேல் இருக்கிற தையல்காரிக்கு?

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். “அக்கா, உங்க கட்டிங்ல கை ஏறவே மாட்டேங்குதுங்க.”

“ஒன்பதாம் பக்கமா?”

“ஆமாங்க!”

“எப்போ வாங்கினம்மா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சும்மாதாங்க கிடைச்சுது. பட்டுத் துணிங்க்கா, வெட்டிட்டேன்.”

அக்குளில் ஒரு ஒட்டு கொடுத்துத் தைக்கச் சொன்னேன். ராத்திரி திருத்திய பக்கத்தை அனுப்பினேன். காலையில் 149 ரூபாய் வந்திருந்தது.