தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு என்டிஎஃப்எஸ்ஸா, எக்ஸ்ட்4ஆ?

கண்டாவளை, கரைச்சி, பூநகரிப் பிரிவுகளிலிருந்து வரும் காணி ஆவணங்களை ஸ்கான் செய்து பாதுகாக்கும் எமது கிளிநொச்சி அலுவலகத்துக்குப் பொதுச் சேவையகம் ஒன்று தேவைப்பட்டபோது, எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையில்தான் அவை வேறுபட்டன: விண்டோஸில் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் எக்ஸ்ட்4. ஒன்று, விண்டோஸ் 11 புரோ நிறுவிய கணினியில் என்டிஎஃப்எஸ் வட்டைப் பகிர்வது. மற்றையது, லினக்ஸில் எக்ஸ்ட்4 வட்டை அமைத்து, விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சம்பா என்ற மென்பொருள் வழியாகப் பகிர்வது. நாங்கள் முதலாவதைத் தெரிந்தெடுத்தோம். தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எந்தச் சிறிய அலுவலகத்துக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

கோப்பின் பருமன் இங்கே ஒரு பிரச்சினையே அல்ல. எக்ஸ்ட்4 வழக்கமான அமைப்பில் ஒரு கோப்புக்கு 16 டெராபைட் வரை இடமளிக்கும். என்டிஎஃப்எஸ்ஸும் எங்கள் தேவையைப் பல மடங்கு தாண்டியது. 4 ஜிபியில் நின்றுவிடுவது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ்தான். அதை எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் போதும். மின்வெட்டைப் பொறுத்தவரை இரண்டுமே மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துக்கொள்ளும் ஜேர்னல் வசதி உடையவை; யூபிஎஸ் எப்படியும் வேண்டும். லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்பது உண்மையான அனுகூலம். விண்டோஸ் புரோ ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது என்பதும் உண்மை. எங்களைப் போன்ற அலுவலகத்துக்கு அது போதும்.

தீர்மானித்தது கோப்புப் பெயரின் நீளம். இரண்டுக்கும் எல்லை 255 என்றே எங்கும் எழுதியிருக்கும். ஆனால் எதை எண்ணி 255 என்பதில்தான் வேறுபாடு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறியாக்க முறைகளில் யூடிஎஃப்-16, யூடிஎஃப்-8 என்று இரண்டு உண்டு. என்டிஎஃப்எஸ் யூடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் அதில் ஓர் அலகு. எக்ஸ்ட்4 பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் செலவாகிறது. 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்தது என்பதால், அந்த ஓர் எழுத்துக்கே ஆறு பைட் போய்விடும்.

எங்களிடம் நாள்தோறும் உருவாகும் பெயர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: 'முரசுமோட்டை காணி அனுமதிப்பத்திரப் பெயர்மாற்ற விண்ணப்பமும் இணைப்புகளும்'. இதில் 38 எழுத்துகளும் 5 இடைவெளிகளும் உள்ளன. '.pdf' என்ற பின்னொட்டையும் சேர்த்தால், என்டிஎஃப்எஸ் கணக்கில் 74. எக்ஸ்ட்4 கணக்கில் 204. மிஞ்சுவது 51 பைட். ஆண்டையும் விண்ணப்பதாரரின் முழுப் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்தால் எல்லை கடந்துவிடும், கோப்பைச் சேமிக்கவே முடியாது. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று லினக்ஸின் வேறு கோப்பு முறைமைகளுக்கு மாறினாலும் பயனில்லை, அவற்றுக்கும் எல்லை அதே 255 பைட்தான்.

பெயரைச் சுருக்கி இலக்கம் போடலாமே என்பார்கள். ஆனால் இடமாற்றம் பெற்று வரும் புதிய உத்தியோகத்தர் ஊரையும் விடயத்தையும் கொண்டுதான் கோப்பைத் தேடுகிறார். இலக்கம் மட்டும் இருந்தால் பதிவேட்டைத் திறக்காமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது. காணிக்காரர் மேசை முன் காத்திருக்கும்போது அந்தத் தாமதத்தை அவர்மேல் சுமத்துவது நியாயமல்ல.

என்டிஎஃப்எஸ் பக்கத்திலும் ஒரு முள் உண்டு. வட்டில் இடமிருந்தாலும், விண்டோஸின் பழைய விதி முழுப் பாதையையும், அதாவது டிரைவ் எழுத்து, கோப்புறைகளின் பெயர்கள், கோப்பின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து, 260 குறிக்குள் அடக்கச் சொல்கிறது. எக்செல் அதனினும் கடுமையாக 218இல் நிறுத்திவிடும். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு, ஆண்டு, விடயம் என்று கோப்புறைக்குள் கோப்புறையாக முழுப் பெயரோடு வைத்தால் அந்த எல்லையை எட்டுவது எளிது. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு முதல் இந்த எல்லையைத் தளர்த்தும் அமைப்பு இருக்கிறது. ஆனால் அதற்கென எழுதப்பட்ட மென்பொருள்களுக்கே அது உதவும் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. நாங்கள் செய்தது வேறு: மேல்நிலைக் கோப்புறைகளுக்குக் குறுகிய பெயர்களை வைத்து, ஒவ்வொரு பிரிவின் கோப்புறையையும் தனிப் பகிர்வாக்கி, அலுவலர்களின் கணினியில் தனி டிரைவ் எழுத்தாக இணைத்தோம். அப்போது மேலேயுள்ள அடுக்குகள் அவர்களுடைய பாதைக் கணக்கில் வருவதில்லை. பிரதி எடுக்க விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறோம். அது 260ஐத் தாண்டிய பாதைகளையும் விடாமல் எடுக்கும்.

ஆக, என்டிஎஃப்எஸ்ஸின் நெருக்கடியைக் கோப்புறைகளை ஒழுங்குபடுத்தித் தீர்க்கலாம். கோப்புகளின் பெயரில் கைவைக்கத் தேவையில்லை. எக்ஸ்ட்4இன் நெருக்கடியைத் தீர்க்கப் பெயர்களையே வெட்ட வேண்டும்.

எங்கள் அனுபவம் ஒரு சேவையகத்தோடும் சில கணினிகளோடும் நின்றுவிடுகிறது. பல சேவையகங்களும் முழுநேரத் தொழில்நுட்பவியலாளரும் உள்ள இடத்தில், பெயர்களை ஒரு தரவுத்தளத்தில் வைத்து வட்டில் இலக்கங்களை மட்டும் சேமிக்கும் முறைக்கு லினக்ஸே பொருத்தமாக இருக்கக்கூடும். பிரதி வைக்க நாஸ் பெட்டி (வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பெரும்பாலானவை உள்ளே லினக்ஸில் இயங்குபவை. மறையாக்கம் செய்த கோப்புறைக்கு இகிரிப்ட்எஃப்எஸ் என்ற லினக்ஸ் மறையாக்க முறை பயன்பட்டால் பெயரின் எல்லை 143 பைட்டாகக் குறைந்துவிடும். மேலே காட்டிய முரசுமோட்டைக் கோப்பு அதில் ஏறாது. பணம் கொடுப்பதற்கு முன்னர் உங்களிடமுள்ள மிக நீளமான பெயரைக் கொண்ட கோப்பொன்றை அந்தப் பெட்டியில் ஏற்றிக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள்.