பில்லில் இன்ஃபில்ட்ரேஷன், பல்லில் வார்னிஷ்

கடலூர், புதுச்சேரி பக்கம் பிள்ளைகளுக்குப் பல் கிளிப் கழற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடலூரிலிருந்து போன கல்லூரி மாணவி. கிளிப் எடுத்ததும் முன்பல் நான்கிலும் சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி வெள்ளைத் திட்டு. புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் ‘டிரில் பண்ணாமலே ரெசின் இன்ஃபில்ட்ரேஷன்’ (திட்டுக்குள் ரெசின் என்ற பிசினை இறக்கி வெள்ளையை மறைக்கும் சிகிச்சை) என்று 16,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள். பல்லில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒரு பூச்சு. “நாலு மணி நேரம் சூடா எதுவும் வேண்டாம்மா, இன்னிக்கு ராத்திரி பிரஷ் பண்ணாதே.” மறுநாள் பிரஷ் பட்டதும் பூச்சு போச்சு, திட்டு போகவில்லை.

அந்தப் பத்தியமே காட்டிக்கொடுத்துவிட்டது. அது பல்லின் மேல் பூசும் 5% சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷுக்குச் சொல்வது. வார்னிஷ் நல்ல மருந்துதான். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பூசினால் பல்லின் வெளிப்படலமான எனாமல் மேலும் கரையாமல் தடுக்கும். ஆனால் வெள்ளையை அன்றே மறைக்காது. கிளிப் எடுத்த புதிதில் அடர் ஃப்ளூரைடு போடவே பலர் தயங்குவார்கள்: மேற்பரப்பு மட்டும் முதலில் இறுகிவிட்டால் அடியிலுள்ள வெள்ளை அப்படியே தங்கிவிடும்.

உண்மையான இன்ஃபில்ட்ரேஷன் இப்படி நடக்கும். ஈறையும் எச்சிலையும் விலக்க ரப்பர் டேம் (பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் திரை) மாட்டுவார்கள். 15% ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல் 2 நிமிடம், 30 விநாடி தண்ணீர், காற்று, பிறகு 30 விநாடி எத்தனால். இந்த இடத்தில் ஒரு கண்ணாடி கேட்டு வாங்கிப் பல்லைப் பாருங்கள். எத்தனால் பட்டதும் வெள்ளை மங்கினால் ரெசின் உள்ளே இறங்கும் என்று அர்த்தம். மங்காவிட்டால் மறுபடியும் ஜெல். அடுத்து ரெசின் 3 நிமிடம், நீல லைட் 40 விநாடி. திரும்ப ரெசின் 1 நிமிடம், லைட் 40 விநாடி. நான்கு பல்லையும் சேர்த்தே செய்தாலும் அரை மணி நேரமாவது ஆகும். டேமும் லைட்டும் இல்லையென்றால் அது இன்ஃபில்ட்ரேஷன் இல்லை. குழி விழுந்துவிட்ட பல்லுக்கு இது சரிவராது.

திட்டைக் கூர்முனைக் கம்பியால் குத்திப் பார்க்க விடாதீர்கள். மேலே மெல்லிய ஓடு, அடியில் கால்சியம் இழந்து நுண்துளை விழுந்த எனாமல். ஓடு உடைந்தால் நிஜமாகவே குழி விழும். பல்லை உலர்த்தி, வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும்.

அவசரமும் இல்லை. சில மாதம் 1000 பிபிஎம் ஃப்ளூரைடு பேஸ்டில் தினம் இருமுறை துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டாலே பல திட்டுகள் எச்சிலிலுள்ள கால்சியத்தால் மங்கும். டீ, காபி, பானிபூரி கடைப் பக்கம் போய்க் குடிக்கும் கலர் சோடா எல்லாம் சாப்பாட்டோடு நிற்கட்டும். இடையிடையே சர்க்கரை போனால் பேஸ்டின் பலன் குறைந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் புதுச்சேரி மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியிலோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் கல்லூரியிலோ ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள். இன்ஃபில்ட்ரேஷன் செய்தால் எந்தப் பல், எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரெசின் எக்ஸ்ரேயில் தெரியாது. அடுத்து பார்க்கும் டாக்டர் புதுச் சொத்தை என்று நினைத்து டிரில் எடுத்துவிடுவார்.