டாக்டர் சூஸ் கார்ட்டூன் தொகுப்பு: அவசியம் பாருங்கள்

அமெரிக்கச் சிறுவர் கதை எழுத்தாளர் டாக்டர் சூஸ் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நியூயார்க்கின் 'பிஎம்' நாளிதழுக்கு வரைந்த கார்ட்டூன்களை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. தேதிவாரியாகப் பார்க்க முடிவதுதான் பெரிய பலம். 1942 பிப்ரவரி 13 படத்தைப் பாருங்கள்: மேற்குக் கரை மாநிலங்களான வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியாவிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரும் ஒரே முகத்தோடு சாரை சாரையாக வந்து வெடிமருந்து வாங்கிப் போகிறார்கள், கூரைமேல் ஒருவன் தொலைநோக்கியோடு ஜப்பானின் சைகைக்குக் காத்திருக்கிறான். ஆறே நாளில் வந்தது, அவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற வழிசெய்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் 9066 உத்தரவு. 1,20,000 பேர் வரை முகாம்களில் அடைபட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஒரு கார்ட்டூனா உத்தரவு போட வைத்தது? இல்லை, சரி, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை உளவாளியாகப் பார்க்க இப்படிப்பட்ட படங்கள் பழக்கின. கறுப்பினத்தவர், யூதர் மீதான வெறுப்பை அதே பத்திரிகையில் கண்டித்து வரைந்தவரும் இவர்தான், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்தப் படங்களையும் சேர்த்தே பாருங்கள்.